என்எம்ஆர் டியூப்ல கேட்டகின் ரியாக்ஷன் ஆரம்பத்துலயே நின்னுடுது, என்சைம் செத்துப்போச்சா?

கொட்டகலை_கெமி:
வணக்கம் எல்லாருக்கும். நான் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம், ப்ரொஜெக்ட் தேயிலைக் கொழுந்துல இருந்து எடுத்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ்ங்குற என்சைம். எபிகேட்டகின், எபிகேலோகேட்டகின்னு தேயிலையில இருக்குற ரெண்டு கேட்டகினையும் கலந்து என்சைம் போட்டு தியாஃப்லேவின் (தேத்தண்ணிக்கு செம்மஞ்சள் நிறம் குடுக்குறது) உண்டாகுறத புரோட்டான் என்எம்ஆர்ல (காந்தப்புலத்துல வச்சு ஹைட்ரஜன் அணுக்கள பீக்கா காட்டுற முறை) நேரடியா பாக்கணும். டியூப்லயே கலந்து மெஷின்ல எறக்கி வரிசையா ஸ்பெக்ட்ரம் எடுக்குறேன், கேட்டகின் மொத்தம் 5 மில்லிமோலார், டிரிஸ் பஃபர், 10 சதவீதம் டி2ஓ (கன நீர்), மிச்சம் தண்ணி. மொதல்ல கேட்டகின் பீக் லேசா எறங்குது, பத்துல ஒரு பங்கு கூட தேறாது, அப்புறம் அசையவே மாட்டேங்குது. 7.3 ல இருந்து 8 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்துல பீக் நிக்குற எடத்தோட அளவு) வரைக்கும் தியாஃப்லேவின் பீக் வரணும்ல, ஒண்ணுமே இல்ல. 3.7 கிட்ட வேற ஒரு பெரிய பீக். ஆனா அதே கலவைய பீக்கர்ல போட்டு ஆட்டுனா நல்லா செவந்து வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெக்டரி_லெப்:
தங்கச்சி, என்சைம் உசுரோடதான் இருக்கு, அதுக்கு ஒட்சிசன் இல்ல. காத்து பட்ட தண்ணியில 25 டிகிரியில கரைஞ்சிருக்குறதே சுமார் 0.25 மில்லிமோலார்தான், ஒரு ஒட்சிசன் மூலக்கூறு ரெண்டு கேட்டகின குயினோனாக்கும் (அதாவது ஒட்சியேறுன வடிவமாக்கும்), அப்போ 0.5 மில்லிமோலார் வரைக்கும் போகும், உங்க 5 ல அது சரியா பத்துல ஒண்ணு. தியாஃப்லேவின் வளையம் மூடுறதுக்கும் ஒட்சிசன் வேணும்ங்கிறதால அதுக்கும் முன்னாடியே நின்னுடும். 5 மில்லிமீட்டர் டியூப்ல மேல இருந்து காத்து கீழ எறங்க நாள் கணக்காகும். பெக்டரியில ரோல் பண்ணி எறக்குன தூள மெல்லிசா பரப்பி ஈரக்காத்து விடுறது இதுக்குத்தானே, கனமா கொட்டிட்டா நடுவுல பச்சையாவே கெடக்கும். நின்னுபோன டியூப்ப தொறந்து காத்து குமிழி விட்டுட்டு திரும்ப ஓட்டுங்க, பீக் மறுபடி எறங்குனா விஷயம் முடிஞ்சுது.

நானுஓயா_குளிரு:
அண்ணன் சொன்னது சரி. 3.7 ல நிக்குறது டிரிஸ்தான், என்சைம் கிளிசரால்ல வச்சிருந்தா அதுவும் அந்தப் பக்கம்தான் வரும். பாக்குறதுக்கு மறைக்குறது ஒரு பக்கம், டிரிஸ்ல இருக்குற அமீன் குயினோனோட சேந்துக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால பாஸ்பேட்டுக்கு மாறுங்க, பிஎச் 5.5 கிட்ட வைங்க. எபிகேட்டகினோட 4.9 பீக்க வச்சு கணக்கு போடாதீங்க, ஸ்பெக்ட்ரத்துல தண்ணியோட பீக்க அமுக்கும்போது பக்கத்துல இருக்குற அதுவும் சேந்து குறையும். முழுக்க டி2ஓவுக்குப் போனா 6 பிபிஎம் பக்கம் இருக்குற, கேட்டகினோட ஏ வளையத்து புரோட்டான் மெதுவா டியூட்டீரியத்தோட (கன ஹைட்ரஜன்) மாறிக்கும், அத ரியாக்ஷன்னு நெனச்சிடக்கூடாது. பி வளையத்து பீக்க எடுங்க. அளவு ஒப்பிடப் போடுற டிஎஸ்பி புரோட்டீன்ல ஒட்டுனா அளவு கொறச்சுக் காட்டும், அத கேப்பிலரில (மெல்லிசான கண்ணாடிக் குழாய்) தனியா வைங்க.

கொட்டகலை_கெமி:
ரொம்ப நன்றிங்க! காத்து விட்டதும் பீக் திரும்ப எறங்குது. அப்போ வெளிய ஆட்டிக்கிட்டே ரியாக்ஷன் பண்ணி அப்பப்ப எடுக்கலாம்னு இருக்கேன், ஆனா எடுத்ததும் எப்படி நிப்பாட்டுறது? அஸ்கோர்பிக் அமிலம் போடலாமா?

பெக்டரி_லெப்:
அஸ்கோர்பிக் வேணாம், அது குயினோன திருப்பி கேட்டகினாக்கிடும், ரியாக்ஷன் நடந்தது கம்மினு காட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 2 கிட்ட எறக்கி உடனே திரவ நைட்ரஜன்ல போடுங்க, அந்த அமிலத்துல தொந்தரவு பண்ற பீக் கெடையாது. பிஎச் மாறுனா பீக் நகரும், அதனால பூச்சிய நேரத்து சாம்பிளுக்கும் அதே அளவு அமிலம். கடைசியில கேட்டகினும் தியாஃப்லேவினும் கூட்டுனா கணக்கு ஒதைக்கும், ஏன்னா தியாரூபிஜின் (தேத்தண்ணியில உண்டாகுற பெரிய செம்பழுப்பு மூலக்கூறுகள்) எல்லாம் அகலமா பரவி அடியில அமுங்கிடும், கொஞ்சம் படிஞ்சும் போகும், அதுக்கு பயந்துடாதீங்க.