டிஸ்க் இமேஜ்: 'வட்டுப்படி' என்று சொல்லலாமா?

வணக்கம்.

பழைய நெகிழ்வட்டு விளையாட்டுகளை நிறுவுவதற்கான உதவிக் குறிப்பில் டிஸ்க் இமேஜுக்கு (ஒரு வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைப்பது) இதுவரை வந்த இரண்டு தமிழ்ச் சொற்களிலும் எனக்கு நிறைவில்லை. 'வட்டுப் படம்' என்றால், வட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் போட்டோ எடுத்தது என்றுதான் தோன்றும். 'வட்டு நகல்' அதைவிடச் சிக்கலானது. நிறுவல் பாதியில் நிற்பதற்கே பல சமயம் அந்த நகல்தான் காரணம்.

கோப்புகளை மட்டும் ஓர் அடைவுக்குள் நகலெடுத்தால் வட்டின் பெயரும், கணினி வட்டிலிருந்து தொடங்கும்போது முதலில் படிக்கும் தொடக்கப் பிரிவும் விடுபட்டுப் போகும். வட்டின் பெயரைப் பார்த்துத்தான் சில நிறுவிகள் இரண்டாம் வட்டை அடையாளம் காண்கின்றன. பெயர் இல்லையென்றால் 'இரண்டாம் வட்டைப் போடு' என்று திரும்பத் திரும்பக் கேட்கும். டாஸ் என்ற பழைய இயங்குதளம் இல்லாமல் நேராக வட்டிலிருந்தே தொடங்கும் விளையாட்டுகள் சிலவற்றில் நகலெடுக்கக் கோப்பே இருக்காது. நமக்கு வேண்டியது முழு வட்டு: 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். அதாவது 1.44 எம்பி வட்டு ஒன்றுக்கு 14,74,560 பைட், ஒன்றுகூடக் குறையாமல்.

அதனால் 'வட்டுப்படி' என்று வைக்கலாம் என்கிறேன். ஏட்டுச் சுவடியை ஏடு ஏடாக, வரி வரியாகப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்கிறோம். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்பவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. படி என்பதற்கு அளவை, மாடிப்படி என்றெல்லாம் பொருள் உண்டே என்று கேட்கலாம். கூட்டுச்சொல்லில் அந்தக் குழப்பம் வராது. கோப்புக்கு நகல், வட்டுக்குப் படி என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கச் சில வட்டுகளில், படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு தரும் பகுதிகளை வைத்திருப்பார்கள். சாதாரண வட்டுப்படியில் அது பதியாது; விளையாட்டும் மூல வட்டைக் கேட்டு நின்றுவிடும். கிரியோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற கருவிகள் பைட்டாக அல்லாமல் காந்த மாற்றங்களையே பதிவுசெய்கின்றன. அதைக் 'காந்தப்படி' என்று சொல்லிவிடலாம். 'வட்டுப் படம்' என்பதிலிருந்து இப்படி ஒரு சொல் எளிதில் கிளைக்குமா என்று பாருங்கள்.

அப்புறம், வட்டுப்படியை உண்மையான வட்டைப் போலக் கணினியில் இணைக்கும் மவுண்ட் என்பதற்கு 'ஏற்று' வேண்டாம். லோட் என்பதற்கும் அதையே எழுதுகிறோம். 'பொருத்து' போதும்.

டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலுக்கான பகுதியில் வரும் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பார்த்தேன்: "எல்லா வட்டுப்படிகளையும் வரிசையாக ஒரே கட்டளையில் பொருத்துங்கள். நிறுவி அடுத்த வட்டைக் கேட்டதும் கண்ட்ரோல், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள்."

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.