புதுப்பிப்பு: சோழர் ஊராட்சி நூலுக்கு எழுதிய விமர்சனம் முடிந்தது

சோழர் கால ஊராட்சி பற்றிய ஆய்வு நூலுக்கு விமர்சனம் எழுதினால் வெறும் அத்தியாயச் சுருக்கமாகவே வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழுதி முடித்தேன், இதழும் ஏற்றுக்கொண்டது.

கைகொடுத்தது இந்த யோசனைதான்: மைய வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைத் தாங்கும் அடிக்குறிப்புகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிடுவது. சோழ நாட்டு ஊர்களெல்லாம் குடவோலை முறையில் ஆளப்பட்டன என்பது நூலின் வாதம். அடிக்குறிப்புகளைத் தொடர்ந்து போனால், அவை முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில்தான் (கி.பி. 919, 921) போய் நிற்கின்றன. அவையோ ஒரு பிரமதேயச் சபையின் (பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின் அவை) வாரியங்களுக்கு, அதாவது செயற்குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி எல்லாம் தகுதிகள். வேளாண்வகை ஊர்களில், அதாவது பிராமணரல்லாத நிலவுடைமையாளர்களின் ஊர்களில், இருந்த ‘ஊர்’ என்னும் அவைக்கு இதை எப்படி அப்படியே நீட்ட முடியும்? இந்தக் கேள்வி கிடைத்ததும் விமர்சனத்துக்கு முதுகெலும்பு வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: நூலின் பின்னிணைப்பு சபையையும் ஊரையும் மிகக் கவனமாகப் பிரித்தே அட்டவணைப்படுத்தியிருக்கிறது. அருமையான உழைப்பு. அதனால் பாராட்டுப் பகுதியும் நீண்டது. அப்புறம், நிறைகுறைகளைப் பட்டியல் போடும் யோசனை எனக்கு உதவவில்லை. மறுபடி சுருக்கத்துக்கே இழுத்தது.