மலக்கசிவு: மறுபடியும் தசையைத் தைப்பதா, நரம்புத் தூண்டலா?

மதுரை. பெண், வயது 48. முதல் பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்தது. மூன்றாம் நிலைக் கிழிசல் (ஆசனவாய்ச் சுருக்குத்தசை வரை கிழிந்தது). மலம் வரும் உணர்வு வந்தால் இரண்டு நிமிடம்கூட அடக்க முடியவில்லை. வாரம் நான்கைந்து முறை கசிவு. கசிவின் கடுமையைக் காட்டும் வெக்ஸ்னர் மதிப்பெண் 20க்கு 15.

மலத்தைத் திரட்டும் இசப்கோல், குடல் வேகத்தைக் குறைக்கும் லோபெரமைடு 2 மி.கி. கொடுத்தாயிற்று. லோபெரமைடைக் கூட்டினால் மலம் இறுகி அடைத்து, அதைச் சுற்றி நீராய்க் கசிகிறது. பயோஃபீட்பேக்கோடு (தசை இறுகுவதைக் கருவியில் பார்த்துப் பழகுவது) 4 மாதம் இடுப்புத்தளப் பயிற்சியும் முடிந்தது. 2021இல் ஆசனவாயின் புறச் சுருக்குத்தசையின் (நாமாக இறுக்கி மலத்தை அடக்கும் தசை) இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தார்கள். ஓராண்டு நன்றாக இருந்தது, பிறகு பழைய நிலைதான். இந்தத் தையல் ஆண்டுகள் போகப் போகப் பலன் குறைவது தெரிந்ததே. இவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கவலை.

இப்போதைய ஆசனவாய் அல்ட்ராசவுண்டில் முன்புறம், கடிகார முகப்பாகப் பார்த்தால் 10 மணி முதல் 1 மணி வரை புறத்தசையில் இடைவெளி, ஏறத்தாழ 90 பாகை. அகத்தசை (தானாகவே இறுகி மூடியிருக்கும் உள்தசை) முழுதாக இருக்கிறது. ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரியில் ஓய்வு அழுத்தம் சரி. இறுக்கச் சொன்னால் ஏறுவதில்லை. கொலோனோஸ்கோபியில் (பெருங்குடல் உள்நோக்கு) ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லை.

மறுதையலில் புண் பிரியும் ஆபத்து உண்டு. சாக்ரல் நரம்புத் தூண்டலில் (முதுகின் அடிப்பகுதி நரம்புக்கு லேசான மின்தூண்டல்), இரண்டு வாரம் சோதனைக் கம்பி வைத்து, கசிவு பாதியாகக் குறைந்தால் மட்டும் நிரந்தரக் கருவி. ஆனால் அதன் விலை அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பாரம்.

இந்த அளவு இடைவெளியோடு, மறுதையல் போடாமல் நேரே சோதனைத் தூண்டலுக்குப் போய்ப் பலன் கண்டவர்கள் இங்கே யாராவது உண்டா?