யூகேயில் கேஸ் பில் கட்டத் திணறுகிறீர்களா? விசா நிபந்தனையை நினைத்து ஒதுங்க வேண்டாம்

அக்டோபர் பிறந்தால் புதிதாக வந்தவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "ஹீட்டர் போட்டால் பில் எகிறுகிறது. யாரிடமாவது உதவி கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?" கேர் ஹோம் வேலைக்கு வந்தவர்கள், மாணவர்கள், டிபெண்டன்ட் விசாவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு.

அறக்கட்டளைகள் நன்கொடைப் பணத்திலிருந்து தரும் உதவி 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' ஆகாது. உங்கள் இ-விசாவில் இருக்கும் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவி) வாங்கக் கூடாது' என்ற நிபந்தனை, குடியேற்ற விதிகளில் பெயர் சொல்லி வைத்திருக்கும் ஒரு பட்டியலைத்தான் குறிக்கிறது. யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு போன்றவை அதில் உண்டு. ஃபுட் பேங்கில் வாங்கும் அரிசியும், தொண்டு நிறுவனம் தரும் மீட்டர் வவுச்சரும் அதில் இல்லை. கவுன்சில் நேரடியாகக் கையில் தரும் உதவி மட்டும் கொஞ்சம் சிக்கல். சில வகை அந்தப் பட்டியலுக்குள் வரும், சில வராது. அதனால் வாங்குவதற்கு முன்பே "இது பப்ளிக் ஃபண்ட்ஸா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் 150 பவுண்டு கழிக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் என்ற அரசுத் திட்டம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குத்தான் அது. நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது, அதன் பின்னால் அலைய வேண்டாம்.

இனி ப்ரீபேய்டு மீட்டர். வாடகை வீட்டில் நிறையப் பேருக்கு இதுதான் இருக்கும், கரண்டுக்கு ஒரு சாவி, கேஸுக்கு ஒரு கார்டு. கோடையில் கேஸே பயன்படுத்தவில்லை என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பிடிக்கும் ஸ்டாண்டிங் சார்ஜ் தினமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 30 பென்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு மாதத்தில் 36 பவுண்டு. முதல் குளிருக்கு 20 பவுண்டு டாப்-அப் செய்தால் மீட்டர் அதை விழுங்கிவிட்டு இன்னமும் கடன் என்று காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், பழைய பாக்கியை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கோடையிலும் வாரம் இரண்டு மூன்று பவுண்டு போட்டு வைத்தால் இந்தத் தலைவலி வராது.

மீட்டரில் பணம் தீர்ந்துவிட்டது, சம்பளம் வர ஒரு வாரம் இருக்கிறது என்றால் ஃபியூயல் பேங்க் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இருக்கிறது. 2015-இல் தொடங்கியது. ப்ரீபேய்டு மீட்டர்காரர்களுக்கு டாப்-அப் வவுச்சர் தருகிறார்கள். ஆனால் நேராகப் போன் போட்டுக் கேட்கும் ஏற்பாடு இல்லை. பக்கத்தில் இருக்கும் ஃபுட் பேங்கோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகமோ உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே கேஸ் நின்ற அன்று ஓடுவதைவிட, நிற்கப் போகிறது என்று தெரிந்த அன்றே போங்கள். இடையில் மீட்டரிலேயே எமர்ஜென்சி கிரெடிட் இருக்கும். இரவு நேரத்திலும் வார இறுதியிலும் பணம் தீர்ந்தால் உடனே சப்ளையை நிறுத்த மாட்டார்கள். அதையும் தாண்டி, சிரமத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கிரெடிட் தர வேண்டும் என்று ஆஃப்ஜெம் (கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பு) விதியே இருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்து "அடிஷனல் சப்போர்ட் கிரெடிட்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இந்த இரண்டு கிரெடிட்டும் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். வவுச்சரைத் திருப்பித் தர வேண்டாம்.

மாதாமாதம் பில் வரும் வீட்டில் பாக்கி ஏறிவிட்டதென்றால் வழி வேறு. முதலில் கம்பெனியிடம் பேசி, உங்களால் கட்ட முடிந்த தவணை கேளுங்கள். அப்புறம் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் மாதிரி இலவசமாகக் கடன் ஆலோசனை தருபவர்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் கேஸ் எனர்ஜி டிரஸ்ட் பாக்கியையே அடைக்க மானியம் தருகிறது. பிரிட்டிஷ் கேஸ் வாடிக்கையாளராக இல்லாதவர்களுக்கும் அதில் திட்டம் உண்டு. ஆனால் முதலில் ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். வேறு பல கம்பெனிகளும் இப்படி நிதி வைத்திருக்கின்றன. பணம் தீர்ந்ததும் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், ஆகவே மூடியிருந்தால் மறுபடி எப்போது திறக்கும் என்று பாருங்கள்.

கூச்சப்படுபவர்களுக்கு ஒரு தகவல். 'சர்வைவிங் வின்டர்' என்று ஒரு நிதி திரட்டல் 2010-இல் சோமர்செட்டில் தொடங்கியது. குளிர்காலத்துக்கென அரசு முதியவர்களுக்குத் தரும் தொகை தேவைப்படாத வசதியான பெரியவர்கள், "எனக்கு எதற்கு, கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்" என்று அதைத் தூக்கிக் கொடுத்தார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அன்னதானப் பந்தியில் உட்கார யாரும் வெட்கப்படுவதில்லையே. இதில் யாருக்கு முன்னுரிமை என்பது ஊருக்கு ஊர் மாறும், பல இடங்களில் முதியவர்களுக்குத்தான். உங்கள் கவுன்டியின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் (உள்ளூர் நன்கொடைகளைத் திரட்டிக் கொடுக்கும் அறக்கட்டளை) தளத்தில் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி பக்கம் ரூம் எடுத்திருப்பவர்கள் கவனிக்க: பில் வீட்டு ஓனர் பெயரில் இருந்தால் பாக்கியை அடைக்கும் மானியத்தை உங்கள் பெயரில் வாங்குவது கஷ்டம். ஆனால் கேஸுக்கும் கரண்டுக்கும் அவர் தனியாகக் காசு வாங்கினால், தான் கம்பெனிக்குக் கட்டிய விலைக்கு மேல் ஒரு பென்னி வாங்கக் கூடாது. பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது கடைசி பில், மீட்டர் திரையின் போட்டோ, சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். மீட்டர் போட்டோவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியோடு பேசும்போதே, கூடுதல் கவனிப்பு தேவைப்படுபவர்களுக்காக அவர்கள் வைத்திருக்கும் பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர் என்ற பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, ஆங்கிலம் சரியாக வராது என்றாலோ சேரலாம், இலவசம்தான்.

இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு. கேள்வி இருந்தால் எந்த ஊர், எந்த வகை மீட்டர், பில் யார் பெயரில் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். விசா எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள்.