கீழ்த்தாடையில் இறுக்கமாக ஏறிய மினி ஸ்க்ரூ ஆடுகிறது, ஏன்?

பல்சக்கரம்:
பல் சீரமைப்பில் முதுநிலை படிக்கிறேன். முன்பற்களைப் பின்னுக்கு இழுப்பதற்காக ஒரு நோயாளிக்கு மேலும் கீழும் மினி ஸ்க்ரூ (இழுவிசைக்குப் பிடிமானமாகத் தாடை எலும்பில் தற்காலிகமாக ஏற்றும் சிறு திருகு) போட்டோம். எல்லாமே 1.6 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம், முன்துளை போடாமல் நேரடியாக ஏற்றும் வகை. இடம், இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில். மேலே டார்க் (திருகை ஏற்றத் தேவைப்படும் முறுக்கு விசை) 8 நியூட்டன் சென்டிமீட்டரில் நின்றது. கீழே வலப்பக்கம் 17 வரை போனது. அன்றே 150 கிராம் விசை கொடுத்தோம்.

இப்போது நான்காவது வாரம். மேலே இருப்பவை அசையவில்லை. கீழே வலப்பக்கம் இருப்பது ட்வீசர் பட்டாலே ஆடுகிறது, ஆனால் வலி இல்லை. அடர்த்தியான எலும்பில் இறுக்கமாக ஏறியதுதானே நன்றாக நிற்க வேண்டும்? விசையைக் குறைத்தால் போதுமா, அரைச் சுற்று முறுக்கிப் பார்க்கலாமா?

வேர்நுனி:
முறுக்காதீர்கள். அந்த இறுக்கமே பிரச்சினையாக இருக்கலாம். 1.6 மி.மீ. திருகுகளை வைத்து மோட்டோயோஷி குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு பரிந்துரைத்த டார்க் 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர் வரை. அதற்குக் கீழே போனால் பிடிமானம் போதாது. ரொம்ப மேலே போனால் மரைகளைச் சுற்றியுள்ள எலும்பு நசுங்கும், நுண்விரிசல் விழும், ரத்த ஓட்டம் குறையும். நசுங்கிய எலும்பை உடல் கரைத்துவிடும். போட்ட அன்று பாறை மாதிரி நின்ற திருகு சில வாரத்தில் ஆடுவது இப்படித்தான்.

அப்புறம், காலக்கணக்கும் இருக்கிறது. முதல் நாள் பிடிமானம் முழுக்க இயந்திரப் பிடிமானம். அது நாளாக ஆகக் குறையும்; புது எலும்பு வளர்ந்து தரும் பிடிமானம் மெதுவாகத்தான் ஏறும். மூன்று, நான்கு வாரத்தில் இரண்டுமே போதாத ஒரு பள்ளம் வரும். நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள். 150 கிராம் சாதாரண விசைதான், அதன்மேல் பழி போட மாட்டேன்.

எக்ஸ்ரே_பிரியை:
அதற்கு முன் வேரைப் பாருங்கள். திருகு வேரைத் தொட்டிருந்தாலும் டார்க் திடீரென்று ஏறும். வேருக்கு மிக அருகில் இருந்தால், மெல்லும்போது பல் அசையும் ஒவ்வொரு முறையும் திருகுக்கும் இடி. படம் எடுத்தீர்களா? ஈறு எப்படி இருக்கிறது?

பல்சக்கரம்:
எடுத்தோம் மேடம். இரண்டு கோணத்தில் பார்த்தும் வேருக்கும் திருகுக்கும் இடையே இடைவெளி தெரிகிறது. ஈறு கொஞ்சம் சிவந்து, திருகுத் தலையின் ஓரத்தை மூடப் பார்க்கிறது.

எக்ஸ்ரே_பிரியை:
அப்படியானால் அதிக இறுக்கம், ஈறு என இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம். கன்னத்தோடு அசையும் மென்சவ்வில் திருகு வெளிவந்தால் அந்த இடம் எளிதில் வீங்கும். எலும்போடு ஒட்டிய கெட்டியான ஈறுதான் நல்லது. கீழ்த்தாடையில் அந்தப் பட்டை பல இடங்களில் குறுகல். எலும்பு கெட்டியாக இருந்தும் கீழே தோல்வி அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பிக்காரன்:
நான் டாக்டர் இல்லை, எனக்கும் இது போட்டிருக்கிறது. நாக்கால் தள்ளினால் லேசாக அசைகிற மாதிரி இருக்கிறது. நானே அழுத்திவிடலாமா?

வேர்நுனி:
வேண்டாம். நாக்கால் தள்ளுவதையும் நிறுத்திவிட்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். லேசான அசைவு மட்டும் இருந்து வலியோ வீக்கமோ இல்லையென்றால் சில சமயம் காப்பாற்றிவிடலாம். அதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பல்சக்கரம், உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கழற்றிவிடுங்கள், குழி தானாக ஆறும். அதே குழியில் மறுபடி ஏற்றாமல் சற்றுத் தள்ளி, கெட்டி ஈறு உள்ள இடத்தில் போடுங்கள். இந்த முறை கார்டிகல் எலும்பு (வெளிப்புறக் கெட்டி அடுக்கு) வரைக்கும் மட்டும், திருகைவிட மெல்லிய டிரில்லால் முன்துளை. வேகம் குறைவாக, உப்புநீர் ஊற்றிக்கொண்டே போடுங்கள். சூடானாலும் எலும்பு சாகும். ஏற்றும்போது கை ஆடக் கூடாது, துளை அகன்றுவிடும். தலை தேவைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால் அதே விசைக்கு நெம்பல் கூடும், அதையும் கவனியுங்கள்.

பல்சக்கரம்:
சரி சார். கழற்றிய திருகையே கழுவி, கிருமிநீக்கி புது இடத்தில் போடலாமா?

வேர்நுனி:
கூடாது. நுனி மழுங்கியிருக்கும். 17 வரை முறுக்கு வாங்கிய தண்டு அடுத்த முறை உள்ளேயே ஒடிந்தால் அதை எடுப்பது தனிக் கதை. புதிது எடுங்கள்.