எஸ்.பி.எல். அண்ணனும் சாம்பார் வாளியும்: உங்க பள்ளி லீடர்கள் பற்றி எழுதுங்க

தாமிரபரணிக் கரை:
மிஷன் ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு விளக்க வேண்டாம். ஜெபம் முடிஞ்சதும் மணி, தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசை. எங்க ஹாஸ்டல்ல எஸ்.பி.எல். அண்ணன்தான், அதாவது ஸ்கூல் லீடர்தான், சாம்பார் வாளி தூக்குவார். எல்லாருக்கும் ஊத்தின பிறகுதான் உக்காருவார். 1993, நான் ஏழாம் கிளாஸ். அன்னைக்கு ரெண்டாவது தடவையும் போய் நின்னேன். "அண்ணே, அடியில இருந்து ஊத்துங்க, காயே வரல"ன்னேன். வாளியைச் சாய்ச்சு வழிச்சு, ரெண்டு முருங்கைக்காய்த் துண்டோட ஊத்தினார். தட்டு கழுவப் போறப்போ திரும்பிப் பார்க்கேன், காலி வாளியில ஒரு டம்ளர் தண்ணி விட்டு, சுத்தி அலசி, அதைத் தன் சோத்துல ஊத்திக்கிட்டார். ஒட்டியிருந்த பருப்பு மஞ்சளா மிதந்தது. முகத்துல ஒரு வருத்தமும் இல்ல. பக்கத்துப் பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கிட்டே சாப்பிட்டார். இன்னைக்கும் கல்யாண வீட்டுல சாம்பார் வாளி வந்தா எனக்கு அந்த மஞ்சத் தண்ணிதான் ஞாபகம்.

பெரிய வியாழன்:
ஈஸ்டர் லீவுக்கு முந்தி எங்க ஸ்கூல்ல பாதம் கழுவுற நிகழ்ச்சி உண்டு. பன்னிரண்டு பேர் பெஞ்சுல, லீடர் முட்டி போட்டுக் கழுவணும். அந்த வருஷம் லீடர் நான். ஒத்திகையில ஆறாம் கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு விரல் இடுக்குல சேத்துப்புண், வெள்ளையா ஊறிப் போயிருந்தது. லீவு நாள்ல அம்மாகூட நடவுக்குப் போறவ. "போட்டோ எடுப்பாங்க, வேற பிள்ளையப் போடு"ன்னாங்க டீச்சர். நானும் "சரி டீச்சர்"ன்னேன். அவ எழுந்து போறப்போ, ஒரு காலால இன்னொரு காலை மறைக்கப் பார்த்துக்கிட்டே போனா. மறுநாள் பன்னிரண்டு பேருக்கும் கழுவித் துடைச்சேன், எல்லாரும் கைதட்டினாங்க. கழுவ வேண்டிய கால் வகுப்புல உக்காந்திருந்தது. டீச்சரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல, பேட்ஜ் குத்தியிருந்தது நான்.

ரிட்டயர்டு கணக்கு சார்:
தாமிரபரணிக் கரை தம்பிக்கு. அந்த அண்ணனை மதிக்கேன். ஆனா வளர்ற பையன் வாளி கழுவின தண்ணியில சாப்பிட்டதைப் பெருமையாச் சொல்றதுல எனக்குச் சம்மதமில்ல. வார்டன்தான் கணக்குப் பார்த்திருக்கணும்! நான் பார்த்தது ஒண்ணு: லீடர் தேர்தல்ல தோத்த பையன், மறுநாள் ஜெயிச்சவன் பதவியேற்புக்கு மைக் செட் வயர் இழுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான்.

இப்ப ஆசிரியரா இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். மார்க்கைப் பார்த்து லீடர் போடாதீங்க. லேட்டா வர்றவங்க பேரை எழுதுற நோட்டை அவன் கையில கொடுக்கவே கொடுக்காதீங்க. ரெண்டு வாரத்துல பேர் எழுதாம இருக்க பேனா, முறுக்குன்னு கைமாற ஆரம்பிக்கும், அப்புறம் அந்தப் பிள்ளையைத் திருத்த முடியாது. பதிலா, புதுசாச் சேர்ந்த பிள்ளைகளோட மதியம் உக்காந்து சாப்பிடுற வேலையைக் கொடுங்க. யாரு சாப்பாடு கொண்டு வரலன்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியணும். பதவியேற்பு அன்னைக்கு மார்ச் பாஸ்ட்டைக் குறைச்சுட்டு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி கதையைச் சொல்லுங்க. ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சது. அதோட குறிக்கோளே பைபிள்ல மாற்கு 10:45ல இருந்து எடுத்ததுதான்: ஊழியங்கொள்ள இல்ல, ஊழியஞ்செய்ய. அதைப் பேட்ஜ் குத்துறப்போ சொன்னா மனசுல நிக்கும்.

சேசு சபைப் பள்ளிக்காரன்:
சார், நோட்டு விஷயம் நூத்துக்கு நூறு சரி. வாளி விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். எங்க சேசு சபைக்கு உலகத் தலைவரா இருந்த அருப்பே அடிகள் 1973ல ஸ்பெயின்ல வலென்சியாவுல, சபைப் பள்ளிகளோட பழைய மாணவர்கள் முன்னாடிதான் 'பிறருக்காக வாழும் மனிதர்கள்'னு பேசினார். பிறருக்காகன்னா நம்ம தட்டுல கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த அண்ணனை யாரும் பட்டினி போடல, அவரா விட்டுக் கொடுத்தது.

ஸ்ரீவைகுண்டம்:
2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. எங்க தெருவே கோயில் பள்ளிக்கூட மாடியில. ராத்திரி பத்தாம் கிளாஸ் பிள்ளை ஒண்ணு எங்க ஆச்சியைக் கையப் பிடிச்சுக் கீழ கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போச்சு. திரும்பி வந்து, "அக்கா, ஆச்சி மேல மழைத்தண்ணி பட்டுட்டு, மாத்துச் சேலை இருக்கா?"ன்னு கேட்டுச்சு. கொடுத்தேன். நனைஞ்ச சேலையை அதுவே அலசிப் பிழிஞ்சு கம்பியில போட்டுச்சு. ஆச்சி சாகுறதுக்கு முந்திதான் சொன்னாவ, அது மழைத்தண்ணி இல்லன்னு. அந்தப் பிள்ளைதான் ஸ்கூல் லீடர்னு அப்புறம் வாட்ச்மேன் சொல்லித் தெரியும். பேர் கேக்காம விட்டுட்டேன்.

தாமிரபரணிக் கரை:
ஸ்ரீவைகுண்டம் அக்கா, படிச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டு வந்தேன்.

கணக்கு சாருக்கு: ஒண்ணு சொல்லாம விட்டது என் தப்பு. மறுநாள் அண்ணனே வார்டன் ரூமுக்குப் போய், சின்னப் பையன்களுக்குப் பத்தலன்னு சொன்னார். அடுத்த வாரத்துல இருந்து வாளி ரெண்டாச்சு. அதுக்கப்புறமும் அவர் கடைசியாத்தான் உக்காந்தார்.