“அவனே ஓமெண்டு சொல்லுறான்”: லண்டனில் நான் கண்ட கலியாணப் பேச்சுகள்

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பகலில் வந்துபோகும் நிலையம் ஒன்றில் லண்டனில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் இந்தக் கலியாணப் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்று பல தடவை பார்த்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் தொடங்கியதாக ஒன்றுகூட இல்லை. தாய்க்கு முழங்கால் ஏலாமல் போகும், தகப்பனுக்கு ஒரு ஹார்ட் அட்டாக் வரும். அப்புறம் “ஊரிலை ஒரு பிள்ளை பார்த்திருக்கிறம் தங்கச்சி” என்பார்கள்.

ஒரு தம்பி, முப்பதை நெருங்கும் வயது. கலியாணம் என்றால் என்ன என்று கேட்டேன். கோட் சூட் போடுவது, கேக் வெட்டுவது, எல்லாரும் படம் எடுப்பது என்று சந்தோஷமாகச் சொன்னான். “பிறகு?” என்றேன். “பிறகு அவ தன்ரை வீட்டை போயிடுவா.”

பொறுப்பாளருக்கு அறிவித்து, அவரையும் வைத்துக்கொண்டு தாயோடு கதைத்தோம். “ஒருத்தரும் வற்புறுத்தேல்லையே, அவனே ஓமெண்டு சொல்லுறான்” என்றார். அவன் எதற்கும் ஓம் சொல்லுகிற பிள்ளை. தாய்க்கு முன்னாலேயே “உனக்குக் கலியாணம் வேண்டாம்தானே?” என்று கேட்டேன். அதற்கும் ஓம். அதன் பிறகுதான் அந்த அம்மா நாங்கள் சொல்வதைக் காதில் வாங்கினார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஜூன் 16 முதல் கட்டாயத் திருமணம் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. அடித்து மிரட்டினால்தான் கட்டாயம் என்று நம்மவர் நினைக்கிறார்கள். சம்மதிக்கும் விளக்கம் ஒருவருக்கு இல்லையென்றால், ஒரு அதட்டல்கூட இல்லாமல் கட்டிவைத்தாலும் குற்றம்தான். ஊருக்குக் கூட்டிப்போய்க் கட்டிவைத்தாலும் தப்ப முடியாது. அவருக்குப் பதிலாகத் தாய் தகப்பன் மட்டுமல்ல, நீதிமன்றம்கூடக் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்ல முடியாது. அது தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கான 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்திலேயே (Mental Capacity Act) இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் பெண்ணைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. நான் கண்ட ஒரு பிள்ளையிடம், மாப்பிள்ளை “கொஞ்சம் அமைதியானவர்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பல் தீட்டவே பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும் என்பது லண்டன் வந்திறங்கிய பிறகுதான் தெரிந்தது. விசாவோ கணவனை நம்பி. சம்பளமில்லாத பராமரிப்பாளராகத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இது இரண்டு பேருக்கும் செய்த அநியாயமாகவே படுகிறது.

அதற்காக விசேட தேவையுள்ள எல்லாருக்கும் கலியாணம் கூடாது என்றில்லை. எங்களிடம் வரும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு சோடி, யார் சமைப்பது, காசை யார் பார்ப்பது வரை கதைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பதும் பிழைதான்.

“எங்களுக்குப் பிறகு ஆர் பார்ப்பினம்?” இந்தப் பயம் நியாயமானது. அதைக் கவுன்சிலிடம் கேளுங்கள், நேரத்தோடு கேளுங்கள். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளையின் தேவைகளையும், பார்த்துக்கொள்ளும் பெற்றோரின் தேவைகளையும் அவர்கள் மதிப்பிட்டே ஆகவேண்டும். அந்தத் தம்பியின் வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது.

டிக்கெட் போட்டாச்சு, நாள் வைத்தாச்சு என்று தெரிந்தால் மட்டும் குடும்பத்தோடு சமாதானம் பேசப் போகாதீர்கள். பயணத்தை முன்தள்ளிவிடுவார்கள். நேரே கவுன்சிலின் பாதுகாப்புப் பிரிவுக்கோ, கட்டாயத் திருமணங்களைக் கவனிக்கும் அரசாங்கப் பிரிவான ஃபோர்ஸ்ட் மேரேஜ் யூனிட்டுக்கோ சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவர் தானே வந்து முறையிடவேண்டியதில்லை. கவுன்சிலே நீதிமன்றம் போய்ப் பாதுகாப்பு ஆணை எடுக்கலாம், கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லியும் அதில் உத்தரவு வாங்கலாம்.